ஏழு நாற்பது பஸ்ஸின் ஐந்து வார்த்தைகள்

காலை ஏழு இருபத்திரண்டுக்கு மேல்மட்டம் ஸ்டாப்பில் பஸ் ஏறியதும் பேச்சி கம்பியைப் பிடித்தபடி ஒருமுறை முன்னும் பின்னும் பார்ப்பார். பிறகு போனை வாயருகே கொண்டுபோய் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தை அடுத்த நொடி நாற்பத்தாறு பேரின் போனுக்குப் போய்ச் சேரும். பந்தலூருக்கும் தேவாலாவுக்கும் இடையே ஆறு ஸ்டாப்புகளில் குடை பிடித்து நிற்பவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் அன்றைய காலையை முடிவு செய்வார்கள்.

வார்த்தைகள் மொத்தம் ஐந்து. எல்லாம் இங்கிலீஷ். 'ஃப்ரீ' என்றால் சீட் இருக்கிறது. 'ஃபுல்' என்றால் சீட் இல்லை, ஆனால் நிம்மதியாக நிற்கலாம். 'டைட்' என்றால் பிடித்த கம்பியை விட்டுக் கை மாற்ற முடியாது. 'பேக்டு' என்றால் கண்டக்டரால் உள்ளே நடக்க முடியாது. சில்லறையும் டிக்கெட்டும் தலைகளுக்கு மேலே கை மாறிப் போகும், ஆனாலும் கை காட்டினால் பஸ் நிற்கும், இரண்டு பேர் தொற்றிக்கொள்ளலாம். 'ஹவுஸ்ஃபுல்' என்றால் படியும் நிரம்பிவிட்டது. பஸ் நிற்காது. காத்திருக்க வேண்டாம்.

இந்த ஐந்தும் ஒரே நாளில் வந்தவை அல்ல. நான்கு வருஷங்களுக்கு முன் இந்த வாட்ஸ்அப் குழு தொடங்கியபோது ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். தமிழ்க்காரர்கள் சொன்ன நெரிசல் மலையாளக்காரர்களுக்கு எவ்வளவு நெரிசல் என்று பிடிபடவில்லை. அவர்கள் சொன்னது கன்னடம் பேசும் இரண்டு வீட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை. இங்கிலீஷ் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அதற்கு எல்லோரும் சேர்ந்து ஒரே அர்த்தம் வைத்துக்கொள்ள முடிந்தது. 'ஜாம்' என்ற வார்த்தையை மட்டும் ரோட்டில் மரம் விழுந்தால் சொல்வதற்கென்று ஒதுக்கி வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஷிஜோ ஒரு நாள் பஸ் கூட்டத்தை 'ஜாம்' என்று சொல்லிவிட, முப்பது பேர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அதற்கப்புறம் சொல்லும் வேலை பேச்சியிடமே நிலைத்துவிட்டது.

பேச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. தாய் தகப்பன் இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர், முழங்கால் தேய்ந்த பிறகு தேவாலாவில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் காய் நறுக்குகிறார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. கொழுந்துக் கூடையைப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிப் பழகியவர். அந்தக் கண்தான் பஸ்ஸையும் அளந்தது. கண்டக்டர் லிங்கசாமி அவரை விடாமல் சீண்டுவார். பஸ் 'டைட்' என்று பேச்சி சொல்லி முடித்ததும், இன்னும் நாலு பேரை ஏற்றி 'பேக்டு' ஆக்கிக் காட்டட்டுமா என்பார். உன் தொப்பையைக் கீழே இறக்கிவிட்டால் 'ஃபுல்' ஆகிவிடும் என்று பேச்சி திருப்பிக் கொடுப்பார்.

இந்தப் பஸ் பழைய ஃபேக்டரி ஸ்டாப்புக்கு வருவது ஏழு நாற்பதுக்கு. அதனால் அதற்கு ஏழு நாற்பது என்றே பெயர். அடுத்த பஸ் ஒன்பது மணிக்கு. அதில் போனால் கூடலூர் சேர ஒன்பது ஐம்பது ஆகிவிடும்.

பழைய ஃபேக்டரி ஸ்டாப்பில் ஏறும் மனிஷாவுக்கு அந்த இருபது நிமிஷம்தான் பிரச்சினை. கூடலூரில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கல்லூரி கேட்டை ஒன்பதரைக்கு மூடிவிடுவார்கள். முன்பெல்லாம் 'ஹவுஸ்ஃபுல்' என்று கேட்டதும் அவளும் அவள் அம்மா சசிரேகாவும் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஓடி, தேவாலாவில் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். தேவாலாவில் நிறையப் பேர் இறங்குவதால் அங்கே பஸ் நின்றே ஆகும். ஜூன் மாதம் குட்டியோடு ஐந்து யானைகள் அந்தச் சரிவில் வந்து தங்கின. காலையில் யாரும் அந்தப் பாதையில் நடக்கக் கூடாது என்று வனத்துறைக் காவலர்கள் கயிறு கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் 'ஹவுஸ்ஃபுல்' என்றால் மனிஷாவுக்கு அன்று கல்லூரி இல்லை.

ஆகஸ்ட் நடுவில் கல்லூரி அலுவலகத்தில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். மனிஷாவின் வருகை அறுபத்தாறு சதவீதம். எழுபத்தைந்து இல்லாவிட்டால் நவம்பரில் தேர்வு எழுத முடியாது. அவள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். செப்டம்பரிலிருந்து மூன்று நாளுக்கு மேல் தவறக் கூடாது. மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது 'ஹவுஸ்ஃபுல்' வரும். இன்னொரு பஸ் வராவிட்டால் அந்த வருஷம் போனது போலத்தான். வருஷம் போனால் சசிரேகா அவளைக் கொழுந்து எடுக்கவே கூட்டிப் போய்விடுவார். திட்டி அல்ல, வேறு வழி தெரியாமல்.

தேவாலாவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரமேஷ் மனு எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர். மனு என்றால் கனமாக இருக்க வேண்டும் என்று நம்புகிறவர். இங்கிலீஷில் எழுதினால்தான் படிப்பார்கள் என்று சொல்லி, பஸ் கூட்டமாக இருப்பதற்குத் தெரிந்த வார்த்தைகள் அனைத்தையும் ஒரே வரியில் இறக்கினார். ஓவர்கிரவுடட், ஓவர்லோடட், ஜாம்-பேக்டு, ஓவர்ஃப்ளோயிங், சஃபோகேட்டிங். முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

பஸ் நிர்வாகத்தின் அதிகாரி கீர்த்திவாசன் ஆகஸ்ட் கடைசியில் நடந்த குறைகேட்பு நாளில் அதை நிதானமாகப் படித்தார். கோயம்புத்தூர்க்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகிறது. குரலை உயர்த்தாதவர். ஐந்து வார்த்தைகளுக்கும் அடியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ரமேஷைப் பார்த்தார்.

"ஏனுங்க, அஞ்சு வார்த்தை எழுதியிருக்கீங்க. இதுல எதுங்க உங்க பஸ்ஸு?"

எல்லாம்தான் என்றார் ரமேஷ். தன் மேஜைக்கு வரும் எல்லா மனுவிலும் எல்லாம்தான் இருக்கிறது என்றார் கீர்த்திவாசன். பிறகு டிக்கெட் மெஷின் கணக்கை எடுத்துக் காட்டினார். பெண்களுக்கு இலவச டிக்கெட் என்றாலும் மெஷினில் அடித்துத்தான் கொடுக்கிறார்கள், ஆகவே ஏறியவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். ஜூலையில் பஸ் ஓடிய இருபத்தேழு வேலை நாள்களில் ஒன்பது நாள் பழைய ஃபேக்டரி ஸ்டாப்பில் ஒரு டிக்கெட்கூட விழவில்லை. மூன்று நாளில் ஒரு நாள் ஆளே ஏறாத ஸ்டாப்புக்காக இன்னொரு பஸ் எப்படிக் கேட்பது என்று அவர் கேட்டார். அவர் கேட்டதில் எகத்தாளம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ரமேஷோடு போயிருந்த மனிஷாவுக்குக் காது சுட்டது. அந்த ஒன்பது நாளும் அவள் அங்கேதான் நின்றாள். ஆனால் நின்றதற்கு அவளிடம் என்ன சாட்சி இருக்கிறது? வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். கீர்த்திவாசன் அதைக் கவனித்திருக்க வேண்டும். அடுத்த புதன்கிழமை தானே அந்தப் பஸ்ஸில் வருவதாகவும், பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

புதன்கிழமைக்கு ரமேஷ் ஒரு படையையே திரட்டினார். மாமியார் வீட்டார், மச்சான்கள், கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் என்று இருபது பேரை ஏழு நாற்பதில் ஏறச் சொன்னார். இறங்கும் இடம் எதுவானாலும் சரி, டீக்காசு தன்னுடையது. பிறகு பேச்சிக்குப் போன் செய்தார். பஸ் எப்படி இருந்தாலும் அன்றைக்கு 'ஹவுஸ்ஃபுல்' என்று சொல்லிவிடும்படியும், அதிகாரி கேட்டால் குழுவில் பதிவு இருக்கும் என்றும் கெஞ்சினார்.

பேச்சி மறுத்துவிட்டார். காரணமும் சொன்னார்:

"தம்பி, வெறும் பஸ்ஸ நான் ஹவுஸ்ஃபுல்லுன்னு சொன்னா, நாலாவது ஸ்டாப்புல நிக்கிற ஆயம்மா ஊட்டுக்குத் திரும்பிருவா. அவளுக்குப் புதன்கெழமைதான் டாக்டரு சீட்டு. ஒருக்கா அப்பிடித் திரும்புனான்னா, மறுநா நான் என்ன சொன்னாலும் அவ காதுல ஏறுமா?"

மனிஷாவின் படிப்பு என்றார் ரமேஷ். பேச்சி போனை வைத்துவிட்டார். அன்று இரவு மனிஷாவும் பேச்சிக்கு ஒரு செய்தியை எழுதி எழுதி அழித்துவிட்டாள். கேட்டிருந்தால் பேச்சி சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

செவ்வாய் மாலையிலிருந்து மழை ஓயவில்லை. புதன் காலை ஆறு மணிக்கு அறிவிப்பு வந்தது: கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை. கல்லூரிகளுக்கு இல்லை. பஸ்ஸின் பாதிக் கூட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். ரமேஷின் மச்சான்களும் அந்த மழையில் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

மேல்மட்டத்தில் ஏறிய பேச்சி முன்னும் பின்னும் பார்த்தார். நாற்பத்துநான்கு சீட்டில் பதினெட்டுப் பேர். ஜன்னலோரத்தில் ரெயின்கோட்டை மடித்து மடியில் வைத்தபடி, அவருக்குத் தெரியாத ஒருவர். பேச்சி போனை வாயருகே வைத்தார்.

"ஃப்ரீ."

லிங்கசாமி டிக்கெட் கொடுக்கக் குனிந்தபோது, ஜன்னலோரத்தில் இருப்பது கோயம்புத்தூர் ஆபீஸர் என்று காதோடு சொன்னார். இருந்துவிட்டுப் போகட்டும், இடம்தான் இருக்கிறதே என்றார் பேச்சி.

பழைய ஃபேக்டரியில் ஏழு பேர் ஏறினார்கள். எல்லோருக்கும் சீட் கிடைத்தது. காலி சீட்டுகளைப் பார்த்ததும் மனிஷாவின் முகம் வெளுத்தது. வாரத்தின் எல்லா நாளும் நெஞ்சை நெரிக்கும் பஸ், இந்த ஒரு நாள் வாயை அகலத் திறந்து சிரிப்பதுபோல் இருந்தது. அவள் பேச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கீர்த்திவாசன்தான் எழுந்து வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சியிடம் விசாரித்தார்.

"ஏனுங்கம்மா, ஏறுனதும் போன்ல ஏதோ சொன்னீங்களே, அது என்னங்க?"

பேச்சி சொன்னார். ஐந்து வார்த்தைகளையும் வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கை எங்கே இருக்கும், கால் எங்கே இருக்கும், கண்டக்டர் எங்கே மாட்டிக்கொள்வார் என்று நடித்தே காட்டினார். 'பேக்டு'க்குப் பின்சீட்டுக்காரர் சிரித்தார். கீர்த்திவாசன் சிரிக்கவில்லை. மனுவில் ஐந்து வார்த்தைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. இங்கே ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நின்றன. ஒவ்வொன்றுக்கும் எல்லை இருந்தது. எத்தனை நாளாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான்கு வருஷம் என்றார் பேச்சி. பழையது இருக்குமா என்று கேட்டார். அழிக்கத் தெரியாது என்றார் பேச்சி.

கீர்த்திவாசன் பையிலிருந்து ஜூலை மாதத்து மெஷின் கணக்கை எடுத்தார். பேச்சிக்குத் தேதி தேடத் தெரியாததால் மனிஷா போனை வாங்கிக்கொண்டாள். அவர் முதலில் ஏதோ ஒரு தேதியைக் கேட்டார். ஜூலை நான்கு. மனிஷா அழுத்தினாள். பேச்சியின் குரல் பஸ்ஸுக்குள் ஒலித்தது: "டைட்டு." பின்னால் குழந்தை அழும் சத்தம், மழைச் சத்தம், அவ்வளவுதான். தாளில் மேல்மட்டம் வரை எழுபத்தொரு டிக்கெட். ஜூலை பத்து. "ஃபுல்லு." நாற்பத்தொன்பது. ஜூலை பன்னிரண்டு, இரண்டாம் சனிக்கிழமை. "ஃப்ரீ." இருபத்தாறு. ஜூலை பதினைந்து. "பேக்டு." எண்பத்தெட்டு. கீர்த்திவாசன் தேதிகளைத் தாறுமாறாகக் கேட்டார், முன்னே பின்னே தாவினார். ஒன்றுகூட இடம் மாறி விழவில்லை. 'டைட்' எழுபதுகளிலேயே நின்றது. 'பேக்டு' எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை. மெஷின் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னதை, ஒரு பெண்மணி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பார்வையில் சொல்லியிருக்கிறார். தனக்கு வசதியான நாளிலும் வசதியில்லாத நாளிலும்.

"இன்னைக்கு ஃப்ரீன்னு சொன்னா உங்களுக்குத்தான் நட்டம், தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். ஆனா ஃப்ரீயாத்தானே கெடக்கு."

கீர்த்திவாசன் தாளைத் திருப்பினார். பழைய ஃபேக்டரியில் டிக்கெட் விழாத ஒன்பது நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். மனிஷா அவசரத்தில் இரண்டு முறை தவறான இடத்தில் அழுத்தினாள். ஹவுஸ்ஃபுல். ஹவுஸ்ஃபுல். ஒரு நாள் பேச்சிக்குக் காய்ச்சல் போலிருக்கிறது, குரல் கட்டியிருந்தது, அன்றும் ஹவுஸ்ஃபுல். எட்டு நாள் அதே வார்த்தை.

ஒன்பதாவது ஜூலை இருபத்திரண்டு. "பேக்டு" என்றது போன்.

கீர்த்திவாசன் நிமிர்ந்தார். 'பேக்டு' என்றால் பஸ் நிற்கும் என்றுதானே சொன்னீர்கள் என்றார். பேச்சி தன் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதுபோல் போனையே பார்த்தார். மனிஷாவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. 'பேக்டு' என்று கேட்டுவிட்டு நம்பிக்கையோடு கை காட்டியவர்களைத் தாண்டிப் பஸ் போனது. அவள் லிங்கசாமியைப் பார்த்தாள். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

லிங்கசாமி டிக்கெட் மெஷினைக் கழுத்திலிருந்து கழற்றி மறுபடி மாட்டினார். அதிகாரியின் முன்னால் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"அந்தம்மா சொன்னது சரிதானுங்க சார். பஸ்ஸு பேக்டுதான். ரெண்டு பேர ஏத்தியிருக்கலாம். அன்னைக்கு நான்தான் நிக்க வேண்டாம்னு டபுள் விசில் குடுத்தேன். அஞ்சு நிமிசம் லேட்டு, அதனால."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கீர்த்திவாசன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையில் பேனா இருந்தது. எதையும் எழுதவில்லை.

பிறகு மனிஷாவிடம், இந்த ஒன்பது நாளும் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார்.

"ஸ்டாப்புலதாங்க சார்."

"எத்தன பேரு?"

"பத்து, பன்னெண்டு பேரு இருப்போம். வேலைக்குப் போறவங்கள தோட்டத்து ஜீப்பு ஏத்திக்கிட்டா நாங்க நாலஞ்சு பேரு மிச்சமாவோம்."

கீர்த்திவாசன் காலி சீட்டில் உட்கார்ந்து தாளை மடிமேல் விரித்தார். ஆளில்லாத ஸ்டாப் என்று அவர் படித்த ஒன்பது பூஜ்ஜியங்களிலும் ஆள்கள் நின்றிருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறியவர்களைத்தான் மெஷின் எண்ணும். விட்டுவிட்டுப் போனவர்களை எண்ண அதற்கு வழியில்லை. தன் அலுவலகத்தில் இத்தனை வருஷமாக யாரும், தான் உள்பட, இதை யோசிக்கவில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். பேச்சியிடம்தான் சொன்னார். பேச்சி, அதெல்லாம் பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினார்.

தேவாலாவில் பேச்சி இறங்கும்போது கீர்த்திவாசன் எழுந்து வழிவிட்டு நின்றார். அந்தக் குரல் பதிவுகளைத் தனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். பாப்பா அனுப்புவாள் என்று பேச்சி மனிஷாவைக் காட்டிவிட்டு, சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் நடந்தார். காய் நறுக்க நேரமாகிவிட்டது.

கூடுதல் பஸ்ஸுக்கான உத்தரவு வரப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளில் மனிஷா இரண்டு நாள் கல்லூரியைத் தவறவிட்டாள். கையிருப்பு ஒரே ஒரு நாள். வேறொரு தடத்தில் மதியம் ஓடும் பஸ்ஸைக் காலையில் எடுத்து, பந்தலூரிலிருந்து ஏழு நாற்பத்தைந்துக்கு விடுவதாக உத்தரவு. இரண்டு மாதம் சோதனைக்கு என்று போட்டிருந்தது. மேலிடத்துக்குக் கீர்த்திவாசன் அனுப்பிய குறிப்பில் ஓவர்கிரவுடட் என்ற வார்த்தை இல்லை என்றும், ஏழு நாற்பது பஸ்ஸின் ஐந்து நிலைகளும் அவற்றின் விளக்கமும் ஒரு பக்கத்துக்கு இருந்தன என்றும் லிங்கசாமி ஆபீஸில் கேட்டுவந்து சொன்னார். ரமேஷ் அதன் நகலைக் கேட்டு வாங்கி இரண்டு முறை படித்தார். நல்ல இங்கிலீஷ் என்றார்.

புது பஸ் முதல் நாள் எட்டு ஐந்துக்குப் பழைய ஃபேக்டரிக்கு வந்தபோது, ஏழு நாற்பதில் இடம் கிடைக்காமல் நின்ற பதினோரு பேர் ஏறினார்கள். சசிரேகா மகளை ஏற்றிவிட்டுக் கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறினார். கூடலூரில் இறங்கும்போது எட்டு ஐம்பத்தைந்து. வகுப்புக்கு இன்னும் யாரும் வரவில்லை. மனிஷா ஈரத் துப்பட்டாவை ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, மீதியிருந்த நாள்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டாள். அக்டோபர் கடைசி வெள்ளியன்று எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது. அந்த ஒரு நாளைச் செலவழிக்க அவளுக்குத் தேவை வரவில்லை.